பேரன் பெயரில் எழுதிய கடன்

 

நாம் வியாபாரிகள். கடன் என்றால் என்னவென்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இரவு கடையைச் சாத்துமுன் பெட்டிப் பணத்தை எண்ணுகிறோம். பற்று வரவைப் பார்க்கிறோம். பத்து வெள்ளி குறைந்தாலும் காரணம் தெரியும்வரை தூக்கம் வருவதில்லை. ஒருவர் பட்ட கடனை மற்றொருவர் பெயரில் எழுதி வைத்தால், அது கணக்கல்ல, மோசடி என்போம். ஆனால், நம்மவர் இல்லங்கள் பலவற்றில் அத்தகைய தப்புக் கணக்கு ஒன்று நாள்தோறும் எழுதப்படுகின்றது. தகப்பனாருக்கு மகன் பட்டிருக்கும் கடன், சத்தமின்றிப் பேரன் பெயருக்கு மாற்றப்படுகின்றது. இவ்விஷயத்தைப் பற்றியே இம்மாதம் உங்களிடம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

தஞ்சோங் பகாரில் ஒரு வீட்டை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். இது எந்த ஒரு குடும்பத்தையும் குறிப்பதன்று. பல வீடுகளின் நிலை இதுவே. அடுக்குமாடியின் எட்டாவது மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எண்பத்தைந்துக்கு மேல். வாலிபத்தில் ரஜூலாக் கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்திறங்கியவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கி, வெள்ளி வெள்ளியாகச் சேர்த்து, கடை வைத்து, பிள்ளைகளை ஆளாக்கியவர். இன்று காலையில் உண்டது அவருக்கு நினைவில்லை. ஆனால், கப்பலின் மேல்தட்டில் படுத்திருந்த இரவு நினைவிருக்கிறது. சுபுஹுக்கு முன்பே எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, கதவைத் தட்டுகிறார்.

“தம்பி, கப்பல் வந்துடுச்சா? ஸ்டேஷனுக்குப் போகணும், கதவைத் திற” என்கிறார்.

எந்தக் கப்பல்? 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா, 1970-களின் தொடக்கத்தோடு இவ்வழியில் ஓடுவதை நிறுத்திவிட்டது. எந்த ஸ்டேஷன்? 1932-இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலிருந்து கடைசி வண்டி 2011 ஜூன் 30 அன்று புறப்பட்டுப் போய்விட்டது. உலகம் அவரை விட்டு முன்னே போய்விட்டது. அவரோ தம் உலகத்தைத் தேடிக் கதவைத் தட்டுகிறார்.

கதவருகே பாயை விரித்துப் படுத்திருப்பவன் அவருடைய பேரன். வயது பத்தொன்பது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி ஆண்டு. நன்னா எழுந்தால் அவனும் எழ வேண்டும். குளிக்க வைப்பது, உடை மாற்றுவது, மருந்து கொடுப்பது, ஒரே கேள்விக்கு நாற்பது முறை பதில் சொல்வது எல்லாம் அவனே. தாயாருக்குச் சமையலும், சிறு பிள்ளைகள் இருவரும். அத்தாவோ காலை ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனால் இரவு பத்து மணிக்குத்தான் திரும்புகிறார். யாராவது விசாரித்தால், “கடையை விட்டு வர முடியலே, தம்பி இருக்கிறான், நல்லாப் பார்த்துக்கிறான்” என்கிறார். அதைப் பெருமையாகவே சொல்கிறார்.

ஓர் இரவு, மறுநாள் பரீட்சை. நன்னா மூன்றாம் முறையாக எழுந்து கதவைத் தட்டுகிறார். பையன் பொறுமையிழந்து உரத்த குரலில் கத்திவிடுகிறான். பெரியவர் நடுங்கி, மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். ஐந்து நிமிஷம் கழித்து, நடந்ததை மறந்து, “நீ யார் வீட்டுப் பிள்ளை? ஏன் அழறே?” என்று அவனையே கேட்கிறார். அவன் மறுநாள் பள்ளிவாசலில் ஓரமாக அமர்ந்து, “எனக்கு மன்னிப்பு உண்டா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறான்.

சகோதரர்களே, அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவன் அவன்தானா?

முதலில் இந்த நோய் இன்னதென்று அறிந்துகொள்வோம். இது கண்ணேறும் அல்ல, செய்வினையும் அல்ல, பெரியவரின் பிடிவாதமும் அல்ல. மூளையின் அணுக்கள் சிறிது சிறிதாகச் சேதமுறுவதால் உண்டாகும் நோய். தமிழில் முதுமை மறதி நோய் என்று சொல்லி வருகிறோம். இதன் முக்கியமான வகையை 1906-இல் ஜெர்மனியைச் சேர்ந்த அலோயிஸ் அல்ஸைமர் என்ற வைத்தியர் மருத்துவர் சபையொன்றில் எடுத்துரைத்தார். அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்படுவதால் வரும் வகையும் உண்டு. இரத்த அழுத்தம், நீரிழிவு இரண்டையும் கவனியாதவர்களுக்கு அந்த அபாயம் அதிகம். 2021-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 5 கோடியே 70 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சிங்கப்பூரில் 2013-இல் நடந்த ஆய்வு, அறுபது வயதைக் கடந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கண்டது. ஜும்ஆவில் நம் வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களை எண்ணிப் பாருங்கள். நோய் நமக்குத் தூரத்திலில்லை என்பது விளங்கும்.

புதிய நினைவு முதலில் போகும். பழைய நினைவு நெடுநாள் நிற்கும். ஆகவேதான் மகனின் பெயர் மறந்தவருக்குக் கப்பலின் பெயர் மறக்கவில்லை. இதை அறியாதவர்கள், “வேணும்னே பண்றார், பழசெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கு?” என்று குற்றம் சாட்டுகிறார்கள். அது பெரும் அநியாயம்.

இந்த நிலையை நம் மார்க்கம் அறியாததல்ல. மனிதர்களில் சிலர் வாழ்வின் மிகத் தளர்ந்த பருவத்திற்குத் திருப்பப்படுவார்கள், அறிந்திருந்த பின் ஒன்றும் அறியாதவர்களாகிவிடுவார்கள் என்று திருமறை, சூரத்துன் நஹ்லிலும் சூரத்துல் ஹஜ்ஜிலும் எடுத்துச் சொல்கிறது. அந்தத் தளர்ந்த பருவத்தை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் துஆக் கற்றுத் தந்தார்கள். அவர்களே பாதுகாவல் தேடிய ஒரு நிலையில் நம் தகப்பனார் இருக்கிறார் என்றால், அவர் நம் கோபத்திற்கு உரியவரா, கருணைக்கு உரியவரா?

பெற்றோரில் ஒருவரோ இருவருமோ முதுமை எய்தினால் அவர்களைச் ‘சீ’ என்றும் சொல்லலாகாது, விரட்டலாகாது, பணிவென்னும் சிறகைத் தாழ்த்த வேண்டும் என்பது பனூ இஸ்ராயீல் சூராவில் வரும் கட்டளை. இதனை நாம் அனைவரும் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால், அதில் ஒரு சொல்லைக் கவனிக்கத் தவறுகிறோம். அவர்கள் முதுமை எய்துவது ‘உன்னிடத்தில்’ என்று அங்கே வருகிறது. உன் பராமரிப்பில், உன் கண்முன்னே என்பது அதன் கருத்து. அந்த ‘உன்’ என்ற சொல் யாரை நோக்கியது? பிள்ளையை நோக்கியது. கடையில் உட்கார்ந்திருக்கும் நம்மை நோக்கியது.

குகையில் அகப்பட்ட மூவரின் சரித்திரத்தைப் புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். அவர்களில் ஒருவர் ஆடு மேய்ப்பவர். பாலைக் கறந்து, முதலில் வயதான பெற்றோருக்குக் கொடுத்த பிறகே மனைவி மக்களுக்குக் கொடுப்பது அவர் வழக்கம். ஒருநாள் வெகு தூரம் சென்று தாமதமாகத் திரும்பினார். பெற்றோர் உறங்கிவிட்டிருந்தனர். எழுப்ப மனமில்லை. பால் கிண்ணத்தை ஏந்தியபடியே விடியும்வரை நின்றார். காலடியில் அவருடைய குழந்தைகள் பசியால் அழுதுகொண்டிருந்தார்கள். அவர் அல்லாஹ்வுக்காகச் செய்த அந்தக் காரியத்தின் பொருட்டால் குகையை அடைத்திருந்த பாறை சற்றே விலகிற்று.

இதில் நமக்குள்ள பாடம் யாது? விடிய விடிய நின்றவர் மகன். பாட்டனுக்காகப் பேரனைக் கிண்ணத்தோடு நிற்க வைத்துவிட்டு அவர் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. பகலெல்லாம் பாடுபட்டு வந்த களைப்பு அவருக்கும் இருந்தது. தொழில் அவருக்கும் இருந்தது.

தொழில் என்றதும் மற்றொரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. ஹஜ்ரத் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் நம்மைப் போன்ற ஒரு வியாபாரி, துணி வணிகர். ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்ட நாளில், கண் பார்வையிழந்த தம் முதிய தந்தை அபூ குஹாபாவைத் தாமே கைப்பிடித்து நபிகளாரின் சமூகத்திற்கு அழைத்து வந்தார்கள். அன்று அவர்களுக்கு இருந்த அலுவல் கொஞ்சமா? ஒரு நகரமே கைக்கு வந்த நாள்! ஆயினும் தகப்பனாரின் கையைப் பிடிக்கும் வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கவில்லை. அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், பெரியவரை வீட்டிலேயே விட்டிருந்தால் தாமே அவரிடம் வந்திருக்கக்கூடுமே என்ற கருத்தில் சொன்னார்கள். முதியவரிடம் நாம் செல்ல வேண்டும் என்ற மரியாதையை உம்மத்திற்கு இவ்வாறு கற்றுக் கொடுத்தார்கள்.

அப்படியானால் பேரனுக்குக் கடமையே இல்லையா? உண்டு. பாட்டனாரும் பெற்றோர் ஸ்தானத்தில் உள்ளவரே. ஆனால், நெருங்கியவர் இருக்கும்போது முதற்பொறுப்பு அவருடையது. உலகச் சட்டங்களும் இதைப் பேசுகின்றன. சிங்கப்பூரில் 1995-இல் நிறைவேறிய பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளையே பொறுப்பாளிகளாக்குகிறது. இந்தியாவில் 2007-இல் வந்த சட்டம் வயது வந்த பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனால், அதுவும் பிள்ளைகளை விடுவித்துவிடவில்லை. பேரன் தன் மனத்தால் முன்வந்து செய்வது அவனுடைய நன்மை. அவன் செய்கிறான் என்பதற்காக நம் கடன் தீர்ந்துவிடாது. நம் வாடிக்கைக்காரருக்கு அடுத்த கடைக்காரர் அன்பளிப்பாக ஒரு மூட்டை அரிசி கொடுத்தால், நாம் அவருக்குத் தர வேண்டிய பணம் கழிந்துவிடுமா?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இந்தப் பையன் படிப்பு முடிந்ததும் தேசிய சேவைக்குப் போவான். அன்றிரவு கதவருகே யார் படுத்திருப்பது? இன்றுவரை பெரியவரின் மருந்தின் பெயரும் அறியாத நாம், அன்று என்ன செய்வோம்? இதைப் பையனும் எண்ணுகிறான். நம்மிடம் சொல்லாமல் அஞ்சிக்கொண்டிருக்கிறான்.

ஆகவே வியாபாரச் சகோதரர்கள் செய்ய வேண்டிய சில காரியங்களைப் பணிவோடு எடுத்துரைக்கிறோம்.

முதலாவது, மறதி தென்பட்டவுடன் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். நீங்களே அழைத்துச் செல்லுங்கள். எல்லா மறதியும் இந்நோயன்று. பி12 வைட்டமின் குறைவு, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு ஆகியவையும் இப்படித் தோன்றக்கூடும், அவற்றுக்குச் சிகிச்சையுண்டு. “வயசானா அப்படித்தான்” என்று சொல்லிக் காலங்கடத்துவது, நலம் பெறக்கூடியவரையும் கைவிடுவதாகும்.

இரண்டாவது, முறை வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் சில இரவுகளாவது அந்தக் கதவருகே நீங்கள் படுங்கள். ஒருநாள் கடையை இரண்டு மணி நேரம் முன்னதாகச் சாத்துங்கள். அதனால் குறையும் லாபத்தை நஷ்டம் என்று எழுதாதீர்கள். கடன் அடைத்த கணக்கில் எழுதுங்கள். அண்ணன் தம்பிமார், சகோதரிகள் இருந்தால் கூடிப் பேசிப் பங்கிடுங்கள். பணம் தருகிறவர் தம் பங்கு தீர்ந்ததென்று எண்ணலாகாது. மருமகளின் தலையில் அனைத்தையும் வைப்பதும் நீதியன்று. பகல் நேரத்தில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் நிலையங்கள் இந்நகரில் உள்ளன. 1990-இல் தொடங்கி, 2021-இல் ‘டிமென்ஷியா சிங்கப்பூர்’ எனப் பெயர் மாற்றிக்கொண்ட சங்கம், பராமரிப்போருக்கு ஆலோசனையும் பயிற்சியும் அளிக்கிறது. அந்த உதவியை நாடுவது பெற்றோரைக் கைவிடுவதாகாது.

மூன்றாவது, கொடுக்கல் வாங்கல் விஷயம். கடனை எழுதி வைக்கச் சொல்லும் பகரா சூராவின் நீண்ட ஆயத்தை வியாபாரிகள் அறிவோம். கடன்பட்டவர் அறிவு குன்றியவராகவோ, பலவீனராகவோ, சொல்ல இயலாதவராகவோ இருந்தால், அவருடைய பொறுப்பாளர் நீதியாகச் சொல்லட்டும் என்று அந்த ஆயத்திலேயே வருகிறது. அறிவு தளர்ந்தவரின் உரிமை வியாபாரச் சட்டத்தின் நடுவிலேயே காக்கப்பட்டிருக்கிறது! ஆகவே பெரியவர் தெளிவாக உள்ளபோதே அவருடைய கடன்களையும், வரவேண்டியவற்றையும், அமானிதங்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தம்மால் இயலாத காலத்தில் தம் காரியங்களைப் பார்க்க நம்பிக்கையானவரை நியமித்து அதிகாரப் பத்திரம் எழுதிவைக்க, 2010-இல் நடைமுறைக்கு வந்த மனத்திறன் சட்டம் வழி செய்திருக்கிறது. எழுதுபவருக்குத் தெளிவு இருக்கும்போதுதான் அது செல்லும். நியமிக்கப்படுபவருக்கு இருபத்தொரு வயதாவது ஆகியிருக்க வேண்டும். பாருங்கள், பத்தொன்பது வயதுப் பையனிடம் சட்டம் அப்பொறுப்பை ஒப்படைக்காது. நாமோ இரவு பகலாக மொத்தப் பொறுப்பையும் அவன் தோளில் ஏற்றியிருக்கிறோம்!

நான்காவது, நம் கடைக்கு வரும் முதியவர்கள். அரைமணி நேரத்திற்கு முன் வாங்கிய பொருளை மீண்டும் வாங்க வருவார். கொடுத்த பணத்தை மறுபடியும் கொடுப்பார். அதை வாங்கிப் பெட்டியில் போடுவது ஹலாலான லாபமா? திருப்பிக் கொடுங்கள். வழி தெரியாமல் நின்றால் நாற்காலி போட்டு, ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொடுத்து, வீட்டாருக்குத் தகவல் சொல்லுங்கள். அவர் எந்த இனத்தவராயினும் சரியே. நாளை நம் தகப்பனார் வேறொருவர் கடை வாசலில் நிற்கக்கூடும்.

ஐந்தாவது, தொழுகை. பெரியவர் லுஹரை மூன்று முறை தொழுகிறார், ரக்அத்தை மறக்கிறார் என்று வீட்டில் சண்டையிடாதீர்கள். உறங்குபவர், சிறுவர், அறிவு நீங்கியவர் ஆகிய மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருப்பதாக ஹதீஸ் இருக்கிறது. அவருடைய நிலைக்குரிய சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட எளிய வழியொன்று உண்டு. அவருக்கு முன்னே நீங்கள் நின்று ஜமாஅத்தாகத் தொழுங்கள். நீங்கள் ருகூஃ செய்தால் அவரும் செய்வார். நீங்கள் சலாம் கொடுத்தால் அவரும் கொடுப்பார். ஊர் மறந்து பெயர் மறந்தவர்கள்கூடப் பாத்திஹா சூராவைத் தடையின்றி ஓதுவதுண்டு. வாலிபத்தில் ஆழப் பதிந்தது எளிதில் அழிவதில்லை.

இனி அந்தப் பேரனுக்கும், அவனைப் போன்ற பேத்திமார்க்கும் சில வார்த்தைகள்.

தம்பி! நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையில் ஸுஜூதில் இருந்தபோது, பேரப்பிள்ளை அவர்கள் முதுகில் ஏறிக்கொண்டது. குழந்தையை அவசரப்படுத்த மனமின்றி ஸுஜூதை வெகுநேரம் நீட்டினார்கள். வஹீ வந்ததோ என்று தோழர்கள் எண்ணும் அளவுக்கு நீண்டதாம் அந்த ஸுஜூது. உன் நன்னாவும் ஒரு காலத்தில் உன் ஒரே கேள்விக்கு நாற்பது முறை பதில் சொன்னவர்தான். இன்று அவர் குழந்தை. உன் முதுகில் ஏறியிருக்கிறார். கப்பல் வந்துவிட்டதா என்று அவர் கேட்டால், “கப்பலும் இல்லை, ஒன்றும் இல்லை” என்று வாதாடாதே. வந்துவிட்டது என்று பொய் சொல்லவும் வேண்டாம். “ரஜூலாவில் எப்படி வந்தீங்க நன்னா? சொல்லுங்க” என்று கேள். அவர் உட்கார்ந்து சொல்லத் தொடங்குவார். அந்தப் பேச்சில் கதவு மறந்துபோகும். அதோடு, கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் நம் முன்னோர் வந்து இந்தத் தஞ்சோங் பகாரில் எப்படிக் காலூன்றினார்கள், பெண்கள் மசாலா அரைத்து விற்று எப்படிக் குடும்பங்களைத் தாங்கினார்கள், 1946-இல் உமறுப் புலவர் பெயரால் தமிழ்ப் பள்ளி எப்படி எழுந்தது என்பதெல்லாம் அத்தகையவர்கள் வாயிலாகத்தான் உனக்குக் கிடைக்கும்.

ஓர் இரவு கத்திவிட்டதற்காக நீ நொந்துபோக வேண்டாம். தவ்பாச் செய், நன்னாவின் கையைப் பிடித்து முத்தமிடு. அல்லாஹ் மன்னிப்பவன். ஆனால் களைப்பை மறைக்காதே. “அத்தா, என்னால் தனியாக முடியவில்லை” என்று சொல்வது மரியாதைக் குறைவன்று. அதைச் சொல்லாமல் உள்ளுக்குள் வெந்து, ஒருநாள் நன்னாவின்மீது வெறுப்புக் கொள்வதே பெருந்தீங்கு.

சகோதரர்களே! இன்றிரவு கடையைச் சாத்தி, கணக்கை முடித்தபின், அந்தக் கடைசி வரியையும் பாருங்கள். அங்கே பேரன் பெயர் எழுதியிருந்தால், அதை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதுங்கள். வீட்டிற்குப் போய், “தம்பி, நீ உள்ளே போய்ப் படு, இன்று நான் படுக்கிறேன்” என்று சொல்லிக் கதவருகே பாயை விரியுங்கள். விடியற்காலையில் தகப்பனார் எழுந்து உங்களை யாரென்று கேட்டாலும் கேட்கலாம். கேட்கட்டும். அவர் யாரென்று நமக்குத் தெரியும்.

யா அல்லாஹ்! எங்களை வளர்த்தவர்கள் எங்களை மறந்த நாளிலும் நாங்கள் அவர்களை மறவாதிருக்கச் செய்வாயாக! அவர்களுடைய பலவீனத்தின் மீதும், அவர்களைத் தாங்கும் இளையோர் மீதும் கிருபை செய்வாயாக! தளர்ந்த பருவத்தின் தீங்கை விட்டும் எங்கள் அனைவரையும் காப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.